ஆபிரிக்கா போய்வந்த நாரை

பறவைகளுக்கு நாடு விட்டு நாடு போகப் பழக்குவதற்காக என்னை வேலைக்கு எடுத்தார்கள். அந்த நாட்களில் நான் இருந்த மாநிலத்தை விட்டுப் பக்கத்து மாநிலத்துக்குப் போவதென்றாலும் பொலிசில் கேட்டு அனுமதி வாங்க வேண்டும். இதைச் சொன்னால் ஆட்கள் பகிடி என்று நினைத்துச் சிரிக்கிறார்கள். எனக்கு வேலை தந்தவர்களில் ஒருவர்கூடப் பகிடி விடுகிறவர் இல்லை. எல்லோரும் மிக நல்ல மனிதர்கள். நல்ல மனிதர்களிடம் மாட்டுப்பட்டவனுக்குத்தான் அதிலுள்ள கரைச்சல் தெரியும்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு, அங்கிருந்து கிழக்கு பேர்லின், பிறகு இன்னும் இரண்டு எல்லைகள் என்று கடந்து வந்து, சுவிசில் அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். நொஷாட்டலில் ஒரு பழைய விடுதியில் நாலு பேருக்கு ஓர் அறை. எதிர்க் கட்டிலில் இருந்தவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். லா ஷோ-து-ஃபோனில் மணிக்கூட்டுத் தொழிற்சாலையொன்றில் அவருக்கு வேலை. காலை ரெயினில் போய் மாலை ரெயினில் வருவார். அண்ணை என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். உலகத்தில் எது நடந்தாலும் அதற்கு அவரிடம் ஒரு தீர்ப்புத் தயாராக இருக்கும். தலைநகர் பேர்ணில் என் விசாரணை கார்த்திகையில் வரும் என்று கடிதம் வந்தபோதும் தீர்ப்பு உடனே வந்தது.

"நீ சொல்லுற கதையை உவங்கள் நம்பமாட்டாங்கள். முதலாளியிட்டை ஒரு கடிதம் வாங்கு. 'இவன் எங்களுக்குத் தேவை' எண்டு ஒரு வெள்ளைக்காரன் எழுதிக் குடுத்தா அதுதான் பிடி. இல்லையெண்டா உன்னைக் கொண்டுபோய்க் கட்டுநாயக்கா எயாப்போட்டிலை இறக்கிவிடுவாங்கள்."

கடிதம் வாங்க முதலில் ஒரு முதலாளி வேண்டுமே. விடுதியில் விசாரித்தபோது ஏரிக்கரையில் ஆள் தேடுகிறார்கள் என்றார்கள். ஏரியின் கிழக்கு முனையில், நாணல் காட்டுக்குப் பக்கத்தில், ஒரு பெரிய கம்பிக் கூடும் மரக் கொட்டிலும். பறவைப் பிரியர்களின் சங்கம் ஒன்று அந்த நிலையத்தை நடத்தியது. சங்கத் தலைவி ஓய்வுபெற்ற ஆசிரியை. நாளாந்தப் பொறுப்பு ஒரு டொக்டருக்கு. மனிதருக்கு ஊசி போடுகிற டொக்டர் இல்லை. பறவைகளைப் பற்றிப் படித்துப் பட்டம் வாங்கியவர்.

விஷயம் இதுதான். செங்கால் நாரை அந்த நாட்டில் ஒன்றுகூட இல்லாமல் அழிந்துபோய்விட்டது. அதனால் முன்னொரு காலத்தில் அல்ஜீரியாவிலிருந்து குஞ்சுகளை விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்து கூட்டில் வைத்து வளர்த்தார்கள். சும்மா வளர்ப்பா அது? நேரத்துக்கு இறைச்சி, வருத்தமென்றால் வைத்தியர், குளிருக்கு வைக்கோல். இரண்டு மூன்று தலைமுறை போன பிறகு பார்த்தால், குளிர்காலம் வந்தால் தெற்கே போகவேண்டும் என்ற எண்ணமே அந்தச் சாதிக்கு இல்லாமல் போய்விட்டது. ஆக, ஆபிரிக்காவிலிருந்து பாடுபட்டுக் கொண்டுவந்த பறவைக்கு, ஆபிரிக்காவுக்குப் போவது எப்படி என்று இப்போது பாடுபட்டுப் படிப்பிக்க வேண்டியிருந்தது. நான் வந்த வழியையும் அவை வந்த வழியையும் ஒருமுறை நினைத்துப் பார்த்தேன். குஞ்சாகப் பிறந்திருக்கலாம் என்று தோன்றியது.

டொக்டர் புதிய முறையொன்று கொண்டுவந்திருந்தார். குஞ்சுகள் மனிதரைக் கண்டு பழகக்கூடாது. ஆகவே சாப்பாடு வைப்பவனும் பறக்கப் பழக்குபவனும் நாரையாக இருக்கவேண்டும். தலையிலிருந்து முழங்கால் வரைக்கும் வெள்ளை அங்கி, கை நுனிகளில் கறுப்புத் துணி, காலில் மேசு என்கிற நீளமான சிவப்புக் காலுறை, முகத்துக்கு முன்னால் நீண்ட சிவப்பு அலகு. சங்கத்தார் ஒருவர் மாறி ஒருவர் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். டொக்டருக்குத் தொந்தி இடித்தது. தலைவிக்கு முழங்கால் வருத்தம். நான் வேலை கேட்டுப் போனபோது இருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. கால்களைப் பார்த்து, ஒருவருக்கொருவர் தலையாட்டிக்கொண்டார்கள். மெலிந்த காலும் ஒரு தகைமைதான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அந்த வருடம் ஏழு குஞ்சுகள். தினமும் காலையில் அந்தக் கோலத்தில் புல்வெளியில் காற்றை எதிர்த்துக் கைகளை அடித்தபடி ஓடுவேன். ஏழும் பின்னால் ஓடிவந்து, ஒரு கட்டத்தில் காலை மடக்கி எழும்பும். நான் வேலியில் போய் முட்டி நிற்பேன். டொக்டர் தூரத்தில் ஒரு புதருக்குள் படுத்திருந்து குறிப்பு எழுதுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணை பார்க்க வந்து, வேலிக்கு வெளியே நின்று, நான் இரண்டு தரம் ஓடி முட்டும்வரை பார்த்தார்.

"எடேய், உதை ஊரிலை ஆரும் கண்டா உனக்குப் பொம்பிளை தரமாட்டாங்கள்" என்றார் கடைசியில்.

"பேர்ணிலை இருக்கிறவன் கடிதத்தைக் கண்டாப் போதும் அண்ணை" என்றேன்.

கடிதத்தைப் பற்றி டொக்டரிடம் ஏற்கனவே கேட்டிருந்தேன். மறுக்கவில்லை. "கடைசிப் பறவை புறப்பட்ட பிறகு எழுதித் தருகிறேன். முடிந்த வேலைக்குத்தான் நற்சான்று" என்றார். நியாயமான மனிதர். தன் வேலையையும் என் உயிரையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்டது அவருக்குத் தெரியாது.

ஓகஸ்ட் முடிவில் குஞ்சுகளுக்குச் சாப்பாட்டை நிறுத்தச் சொன்னார். "இனிமேல் பசிதான் இவற்றுக்கு ஆசிரியர்" என்றார். மத்தியானம் ஒருநாளும் சாப்பாட்டைத் தவறவிடாத ஒருவர் பசியைப் பற்றி இவ்வளவு மரியாதையாகச் சொல்வது நல்ல விஷயந்தான். ஆனால் அவர் சொன்னது நடந்தது. பதினைந்து நாளைக்குள் ஆறு பறவைகள் எழும்பித் தெற்குப் பக்கமாகப் போய்விட்டன. ஏழாவது, காலில் பச்சை வளையம் போட்டது, கொட்டில் கூரையில் நின்று அவை போன திசையைப் பார்த்துவிட்டு, இறங்கி வந்து என் பின்னாலேயே நடந்தது. எனக்கு அதைப் பிடித்திருந்தது. அதே நேரம் கழுத்தைத் திருகலாம் போலவும் இருந்தது.

அந்த வாரந்தான் அம்மாவின் கடிதம் வந்தது. சாத்திரியார் என் சாதகக் குறிப்பைப் பார்த்துவிட்டு ஏழரைச் சனி என்று சொன்னாராம். புரட்டாசி பிறக்கிறது, சனிக்கிழமை விரதம் பிடி, காகத்துக்குச் சோறு வைக்காமல் வாயில் வைக்காதே, விசாரணை முடியுமட்டும் சனி மட்டுமில்லை, எல்லா நாளும் வை என்று எழுதி, துணியில் பொட்டலம் கட்டிக் கறுப்பு எள்ளும் அனுப்பியிருந்தார். காகம் சனீஸ்வரனின் வாகனம். வாகனத்துக்குச் சாப்பாடு போனால் ஓட்டுகிறவர் கொஞ்சம் பார்த்து ஓட்டுவார் என்பது எங்கள் கணக்கு. ஊரில் இருந்தபோது இதற்கெல்லாம் சிரித்தவன் நான். பேர்ணிலிருந்து கடிதம் வந்தவனுக்குச் சிரிப்பு வராது.

வாழையிலைக்கு எங்கே போவது? ஒரு முட்டைக்கோவா இலையில் சோறு, பருப்பு, மேலே எள்ளு. கொட்டிலுக்குப் பின்னால், விறகுக் குவியலுக்கு மேல் வைத்து, "கா, கா" என்று கூப்பிட்டேன். காகங்கள் அந்த நாட்டிலும் இருந்தன. ஆனால் இன்னொருவர் வீட்டில் கை நனைக்க யோசிக்கிற சுவிஸ்காரர் போல, தூரத்து மரத்தில் நின்று பார்த்தனவே தவிர வரவில்லை. பரவாயில்லை, ஆள் இல்லாத நேரம் வந்து சாப்பிடும் என்று விட்டுவிட்டேன். மறுநாள் காலை பார்த்தால் இலை துடைத்த மாதிரி இருந்தது. "காகம் ஒழுங்காச் சாப்பிடுகிறது" என்று அம்மாவுக்கு எழுதினேன். மனதுக்கு அப்படி ஒரு நிம்மதி.

நாரை மட்டும் போகவில்லை. சாப்பாடு நிறுத்தி ஒரு மாதமாகிறது, கூரையில் நிற்கிற பறவை நாளுக்கு நாள் கொழுக்கிறது. டொக்டருக்கு நித்திரை போய்விட்டது. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "நீங்கள் ஒளித்து இறைச்சி ஏதும் போடுகிறீர்களா?" என்று கேட்டார். விரத காலத்தில் என்னிடம் இறைச்சியைப் பற்றிக் கேட்டதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "சாமி சத்தியமாக இல்லை" என்றேன். அது உண்மைதான்.

ஒக்டோபர் நடுவில் அரிசி முடிந்தது. அண்ணைதான் வழக்கமாக வாங்கி வருவார். அந்த வாரம் தொழிற்சாலையில் மேலதிக வேலை என்று மறந்துவிட்டார். ஒன்பது நாள் காகத்துக்கு ஒன்றுமில்லை. இரண்டாம் நாளே நாரையைக் காணவில்லை. டொக்டர் மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வார முடிவில் பழைய வைக்கோலைக் கொட்டுவதற்காகச் சில்லு வண்டியைத் தள்ளிக்கொண்டு, வாய்க்கால் பாலத்தைத் தாண்டி, பக்கத்துக் கிராமத்துக் குப்பைமேட்டுக்குப் போனேன். அங்கே கடற்காகங்களுக்கு நடுவில், ஒரு பழைய மெத்தையின் மேல், பச்சை வளையத்தோடு நாரை நின்றது. அங்கியில்லாமலே என் நடையைக் கண்டு அலகை அடித்துச் சத்தம் போட்டது.

ஒருவரிடமும் நான் இதைச் சொல்லவில்லை. ஆபிரிக்காவுக்குப் போனது என்று எல்லோரும் சந்தோஷமாக இருக்கும்போது நான் எதற்கு வாய் திறக்க? அதோடு பாலத்துக்கு அந்தப் பக்கம் வேறு மாநிலம். அனுமதி இல்லாமல் எல்லை தாண்டியதை நானே போய்ச் சொல்லிக்கொடுக்கவேண்டும். மடியிலை கனமிருந்தால் வழியிலை பயம் என்று சும்மாவா சொன்னார்கள்.

அண்ணை அரிசி கொண்டுவந்தார். மறுபடி கோவா இலை, சோறு, எள்ளு. இரண்டு நாள் கழித்து டொக்டர் கொட்டிலுக்குள் ரைப்றைட்டரில் என் கடிதத்தை அடித்துக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் பெயர் அடித்தாயிற்று, பிறந்த திகதி அடித்தாயிற்று. அப்போது கூரையில் தொப்பென்று ஒரு சத்தம். டொக்டர் வெளியே போய்ப் பார்த்தார். திரும்பி வந்து கடதாசியை உருவி எடுத்து, மடித்து, சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அன்றைக்கு அந்த நாரையை நான் பேசின பேச்சை எழுத முடியாது.

செரிக்காத மயிரையும் எலும்பையும் நாரை உருண்டையாகக் கக்கும். அதுவரை நான் கூட்டி அள்ளிவிடுவதை, இந்தமுறை டொக்டர் பொறுக்கிக் காயவைத்து, சிறு இடுக்கியால் பிரித்துப் பார்க்கத் தொடங்கினார். இரண்டு நாள் கழித்து அவர் தலைவிக்குத் தொலைபேசி எடுத்தார். உருண்டைக்குள் நாலைந்து கறுப்பு விதைகள் இருந்தன. யாரோ தாவரம் படித்த நண்பரிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். எள்ளு. இந்த நாட்டில் விளையாது. வெப்ப நாடுகளில்தான் விளையும்.

கூட்டைக் கழுவிக்கொண்டே நான் இதைக் கேட்டேன். அடுத்த நாள் விடியற்காலை முதல் பஸ்சில் போய் விறகுக் குவியலுக்குப் பின்னால் ஒளிந்திருந்து பார்த்தேன். காகம் ஒன்றும் வரவில்லை. விறகுக்குள்ளிருந்து எலிகள் வந்தன. ஒன்று, இரண்டு, பிறகு ஒரு குடும்பம். கோவா இலையைச் சுற்றியிருந்து சோறும் எள்ளும் சாப்பிட்டன. பிறகு கூரையிலிருந்து நாரை இறங்கி வந்தது, அவசரமில்லாமல் ஒவ்வொன்றாக எலிகளைச் சாப்பிட்டது. என் கிரகம் விலகவேண்டுமென்று நான் வைத்த சோறுதான் அந்தப் பறவையைப் போகவிடாமல் பிடித்து வைத்திருந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கண்ணால் கண்டது அன்றைக்குத்தான்.

அன்று மாலை சங்கக் கூட்டம். கோப்பி கொடுப்பதற்கு நான் நின்றேன். டொக்டர் சுவரில் ஆபிரிக்கா வரைபடத்தை ஒட்டிவைத்து விளக்கினார். பறவை காணாமல் போனது ஒன்பது நாள். நல்ல காற்று இருந்தால் போகவும் வரவும் போதும். போயிருக்கிறது, எள்ளுத் தோட்டத்தில் எலி பிடித்திருக்கிறது, வந்திருக்கிறது.

"ஏன் திரும்பி வந்தது?" என்று தலைவி கேட்டார்.

டொக்டர் வரைபடத்தின் பக்கம் திரும்பினார். "மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு போக" என்றார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. சங்கத்து அம்மா ஒருவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். உள்ளூர்ப் பத்திரிகைக்கு அன்றைக்கே செய்தி கொடுத்தார்கள். டொக்டர் எனக்குப் புதுக் கடிதம் அடித்தார். முன்பு அரைப் பக்கமாக இருந்தது இப்போது மூன்று பக்கம். இப்படியொரு பயணத்தைப் பறவைக்குப் பழக்கியவர் இவர், இவருடைய நடையைத்தான் பறவைகள் நம்புகின்றன, வரும் வசந்தகாலக் குஞ்சுகளுக்கு இவர் இல்லாமல் முடியாது.

அடுத்த கூட்டத்தில் தலைவி எழும்பி, இவ்வளவு அருமையான பறவையை இனி வெளியே விடலாமா என்று கேட்டார். மின்கம்பி இருக்கிறது, வேட்டைக்காரர் இருக்கிறார்கள். இதற்கு ஒன்று நடந்தால் யார் பதில் சொல்வது? இதன் குஞ்சுகளுக்கு வழி தெரிந்திருக்கும் அல்லவா? எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. சிறகை வெட்டி, பெரிய கூட்டுக்குள் இனப்பெருக்கத்துக்கு வைப்பது என்று கை உயர்த்தி முடிவெடுத்தார்கள். ஆயுள் முழுதும். நாரைக்கு வாக்கு இருக்கவில்லை. எனக்கும் இருக்கவில்லை, ஆனால் வாய் இருந்தது.

அறைக்குப் போய் அண்ணையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எலி, எள்ளு, குப்பைமேடு எல்லாம்.

"சொல்லிப்போடட்டோ அண்ணை?"

அவர் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "சொல்லு. கொக்கு குப்பைமேட்டுக்குப் போகும். நீ கட்டுநாயக்காவுக்குப் போவாய்."

"அது பாவம் அண்ணை."

"ஓம், பாவந்தான். கூட்டுக்குள்ளை நேரத்துக்கு நேரம் சாப்பாடு குடுப்பாங்கள். உனக்கு அங்கை என்ன குடுப்பாங்கள் எண்டு உனக்குத் தெரியும். பேசாமல் படு."

நாரையைக் கூட்டுக்குள் யார் பிடித்து அடைப்பது என்ற கேள்வி வந்தது. துரத்திப் பிடித்தால் கால் முறியும். நான்தானே இருக்கிறேன். அங்கியைப் போட்டு, சிவப்பு மேசைப் போட்டு, அலகைக் கட்டிக்கொண்டு புல்வெளிக்குப் போனேன். கூரையிலிருந்து உடனே இறங்கி வந்தது. நான் நடந்தேன், அது பின்னால் நடந்தது. கூட்டு வாசலில் ஒரு கணம் நின்றது. நான் உள்ளே போனேன். அதுவும் வந்தது. மற்றப் பக்கக் கதவால் நான் வெளியே வர, டொக்டர் இரண்டு கதவையும் பூட்டினார். சங்கத்தார் கை தட்டினார்கள். அலகுக்குள்ளே நான் அழுதது ஒருவருக்கும் தெரியாது.

நாலாம் நாள் பேர்ணில் விசாரணை. அதிகாரிக்கு ஐம்பது வயதிருக்கும். மொழிபெயர்க்க வந்தவர் தமிழ்நாட்டுக்காரப் பெண்மணி. "முதல் வாக்குமூலத்துல ஆர்மிக்காரங்க செவ்வாய்க்கிழமை புடிச்சாங்கன்னு சொல்லியிருக்கீங்க, இப்ப புதன்ங்கிறீங்க, எது சரின்னு சார் கேக்குறாரு" என்றார். எனக்கு நினைவில்லை. எத்தனை மணிக்கு? துவக்குப் பிடியால் தோளில் அடி விழும்போது மணிக்கூட்டைப் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை என்றேன். "ஞாபகம் இல்லைன்னு சொல்லிடவா?" என்று அந்தப் பெண் மெதுவாகக் கேட்டார். சட்டையைக் கழற்றித் தழும்பைக் காட்டினேன். தழும்பு வேறு காரணத்தாலும் வந்திருக்கலாம் என்று அதிகாரி எழுதச் சொன்னார். என்னோடு பிடிபட்டுச் செத்தவனின் பெயரைச் சொன்னேன். அதற்கு அத்தாட்சி இருக்கிறதா என்றார்.

பிறகு டொக்டரின் கடிதத்தை எடுத்தார். மூன்று பக்கமும் வாசித்தார். அன்று முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"ஒன்பது நாளிலா?" என்றார்.

"ஓம்" என்றேன்.

"போய், திரும்பியும் வந்துவிட்டதா?"

"ஓம்."

என்ன கிழமை புறப்பட்டது என்று கேட்கவில்லை. எத்தனை மணிக்கு என்று கேட்கவில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து பார்க்கவேண்டும் என்றார். கடிதத்தைக் கவனமாகக் கோப்பில் கோர்த்தார். மறு அறிவித்தல் வரை நான் இங்கே இருக்கலாம் என்று தைமாதம் பதில் வந்தது. அந்த மறு அறிவித்தல் இன்றுவரை வரவில்லை.

கூட்டுக்கு முன்னால் 'ஆபிரிக்கா போய்வந்த நாரை' என்று ஒரு பலகை வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சனம் வந்து வாசித்துவிட்டு, உள்ளே நிற்கிற பறவையை மரியாதையோடு பார்க்கும். அது இரண்டடி ஓடி, வெட்டிய சிறகை விரித்து, விழுந்து எழும்பும். மூன்று வருடம் அதற்கு நான் சாப்பாடு வைத்தேன். நான் வேறு வேலைக்குப் போன பிறகும் பல வருடம் இருந்ததாகக் கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்க வெட்கமாக இருந்தது, போகவில்லை.

அந்த நேரம் எனக்குத் தெரிந்த பிரெஞ்சு காணாது, அதனால்தான் சொல்லவில்லை என்று பிற்காலத்தில் மனைவிக்குச் சொல்லியிருக்கிறேன், பிள்ளைகளுக்கும் சொல்லியிருக்கிறேன். பொய். நிலையத்தில் தினமும் மாலையில் வீட்டுக்குப் போகுமுன் டொக்டரிடம் பிரெஞ்சில் ஒரு வசனம் சொல்லிவிட்டுப் போகவேண்டும் என்பது விதி. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அதைப் பாடமாக்கிவிட்டேன். "சாப்பாடு வைத்தது நான்தான்" என்பதே அந்த வசனம்.